இல்லாத காலில் இருக்கும் வலி: ஒரு ஸ்டான்லி மாணவரும் ஒரு கண்ணாடியும்

1/
வெட்டி எடுத்த காலில் வலி வருமா?

வரும். முழங்காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லாதவர் ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, "பெருவிரலை யாரோ முறுக்குற மாதிரி இருக்கு"ன்னு சொல்வார். பெருவிரலே இல்லை. ஆனா வலி நிஜம்.

இந்த வலியைப் பற்றியும், இதை ஆராய்ச்சி செய்த, சென்னை ஸ்டான்லியில் எம்பிபிஎஸ் படித்த ஒருவரைப் பற்றியும், நம்ம அரசு மருத்துவமனைகளில் இதற்காகச் செய்யக்கூடிய ஒரு சின்ன வேலையைப் பற்றியும் ஒரு நீண்ட இழை. நேரம் இருக்கும்போது பொறுமையா படிங்க 👇

2/
முதலிலேயே சொல்லிடறேன். நான் நரம்பியல் நிபுணர் இல்லை. வலி மருத்துவ நிபுணரும் இல்லை. எம்பிபிஎஸ் முடித்துவிட்டு ராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் அரசுப் பணியில் இருக்கும் சாதாரண டூட்டி டாக்டர்.

என் ஓபியில் வர்றவங்க யாருன்னா, ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் முழுக்க நின்று முட்டி தேய்ந்தவங்க, தென்னை மரத்தில் இருந்து விழுந்தவங்க, மலையடிவாரத் தோப்புகளில் சுமை தூக்கி இடுப்பு போனவங்க, மதுரை – தென்காசி ரோட்டில் பைக்கில் அடிபட்டவங்க, பல வருஷம் சர்க்கரையைக் கவனிக்காமல் விட்டு காலில் புண்ணோட வர்றவங்க.

வலி இல்லாமல் வரும் ஆள் குறைவு.

3/
கை கால் எடுக்க வேண்டிய நிலை நம்ம பக்கம் பெரும்பாலும் ரெண்டு வழியில் வருது. ஒன்று சர்க்கரைப் புண். இன்னொன்று விபத்து.

ஆபரேஷன் நல்லபடியா முடியும். தையல் பிரிப்போம். புண் ஆறும். சத்திரப்பட்டியில் நெய்த பேண்டேஜ் துணியில் கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்புவோம். செயற்கைக் காலுக்கு எங்கே விண்ணப்பிக்கணும்னு சொல்வோம்.

ஒரு கேள்வி மட்டும் கேட்க மாட்டோம். "எடுத்த கால் வலிக்குதாய்யா?"

4/
நாம கேட்காததால் அவங்களும் சொல்றதில்லை. சொன்னா என்ன நினைப்பாங்களோ என்ற பயம்.

ஒரு பெரியவர். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கட்டு மாற்றும்போது, மகன் வெளியே போன நேரம் பார்த்து மெதுவா கேட்டார்: "சார், எடுத்த காலை எங்க புதைச்சாகன்னு தெரியுமா? எறும்பு கிறும்பு கடிக்குதோன்னு ஒரு சந்தேகம். விரல் இடுக்குல சுருக் சுருக்குங்குது."

வீட்டில் சொன்னீங்களான்னு கேட்டேன். "சொன்னா காத்து கருப்புன்னு எங்கயாச்சும் கூட்டிட்டுப் போயிருவாக சார்" என்றார்.

அந்த மனுஷனுக்குப் பைத்தியமும் இல்லை, பேயும் இல்லை. அவருக்கு இருந்தது மருத்துவத்துக்கு நானூறு வருஷத்துக்கும் மேலாகத் தெரிந்த ஒரு பிரச்சனை.

5/
16-ம் நூற்றாண்டில் பிரான்ஸ் நாட்டு ராணுவ அறுவை மருத்துவர் அம்புருவாஸ் பாரே இதை எழுதி வைத்தார். கை கால் எடுக்கப்பட்ட வீரர்கள், இல்லாத உறுப்பில் வலிப்பதாகச் சொல்கிறார்கள் என்று.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஆயிரக்கணக்கானோர் கை கால் இழந்தார்கள். அவர்களைப் பார்த்த சைலஸ் வெய்ர் மிட்செல் என்ற மருத்துவர்தான் 1871-ல் இதற்கு ஆங்கிலத்தில் 'பேண்டம் லிம்ப்' என்று பெயர் வைத்தார். தமிழில் மாய உறுப்பு என்கிறோம்.

உறுப்பு மாயம். வலி மாயம் இல்லை. இந்த வித்தியாசத்தை மனசில் வைத்துக்கொண்டு மேலே படிங்க.

6/
இது எத்தனை பேருக்கு வரும்?

உறுப்பு இன்னும் அங்கேயே இருப்பது போன்ற உணர்வு, உறுப்பை இழந்த ஏறக்குறைய எல்லோருக்கும் வரும். அந்த இல்லாத உறுப்பில் வலி, பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு வரும். சிலருக்குச் சில மாதங்களில் குறையும். சிலருக்கு வருஷக்கணக்கில் நிற்கும்.

எரிச்சல், ஷாக் அடிக்கிற மாதிரி, இறுக்கி மூடிய கையில் நகம் உள்ளங்கையைக் குத்துற மாதிரி, கால் திருகி மாட்டிக்கொண்ட மாதிரி என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமா சொல்வாங்க.

7/
ரொம்ப காலம் மருத்துவர்கள் என்ன நினைத்தார்கள்? வெட்டுப்பட்ட நரம்பின் முனை முடிச்சுப் போட்டுக்கொண்டு மூளைக்குத் தப்பான தகவல் அனுப்புது, அதான் வலி என்று. அதனால் மிச்சம் இருந்த பகுதியை இன்னும் கொஞ்சம் மேலே வெட்டினார்கள். சிலருக்குக் கொஞ்ச நாள் குறைந்தது. பலருக்குத் திரும்ப வந்தது.

நரம்பு முடிச்சு ஒரு உண்மையான காரணம்தான். இன்றைக்கும் அதைப் பார்க்கணும். ஆனா அது மட்டுமே காரணம் இல்லை.

8/
1965-ல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இருவர் வலியைப் பற்றிய பழைய கணக்கையே மாற்றினார்கள். வலி என்பது காலிங் பெல் மாதிரி, கீழே பட்டனை அமுக்கினால் மேலே மணி அடிக்கும் என்பது பழைய எண்ணம்.

இவர்கள் சொன்னது: தண்டுவடத்தில் ஒரு கதவு மாதிரி அமைப்பு இருக்கு. எவ்வளவு வலி மேலே போகணும் என்பது அங்கே கூடும், குறையும். மூளையும் மேலிருந்து அந்தக் கதவைத் திறக்கும், மூடும்.

அடிபட்ட இடத்தைத் தேய்த்துவிட்டால் வலி குறைவது இதனால்தான். நம்ம பாட்டிகளுக்கு 1965-க்கு முன்னாடியே தெரியும் 🙂

9/
இப்ப நம்ம ஆள் கதைக்கு வருவோம்.

வி.எஸ். ராமச்சந்திரன். முழுப்பெயர் விளையனூர் சுப்பிரமணியன் ராமச்சந்திரன். 1951-ல் தமிழ்நாட்டில் பிறந்தவர். அரசியல் சாசனத்தை வரைந்த குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் பேரன். அப்பா ஐ.நா. அமைப்பில் வேலை பார்த்ததால் பள்ளிப் படிப்பில் ஒரு பகுதி பாங்காக்கில். எம்பிபிஎஸ் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில்.

வடசென்னையில், ராயபுரம் பக்கத்தில் இருக்கும் அதே ஸ்டான்லிதான். நம்ம மாவட்டப் பிள்ளைகள் பலர் இன்றைக்கும் கவுன்சலிங்கில் எடுக்கும் அதே கல்லூரி.

10/
அங்கே மாணவராக இருந்தபோதே, ரெண்டு கண்ணும் சேர்ந்து ஆழத்தை எப்படிப் பார்க்கிறது என்று அவர் செய்த சோதனை 1972-ல் நேச்சர் இதழில் வந்தது. இருபது, இருபத்தொரு வயசு. பெரிய லேப் இல்லை. பெரிய கருவி இல்லை.

அப்புறம் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் பிஎச்டி. 1983-ல் அமெரிக்காவின் சான் டியாகோவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வேலை. நாற்பது வயசு வரைக்கும் அவர் முக்கியமாகச் செய்தது கண் பார்வை பற்றிய ஆராய்ச்சி. கண்ணும் மூளையும் எப்படி ஏமாறுது என்பதுதான் அவர் பாடம்.

வலி பக்கம் அவர் வந்தது அதற்குப் பிறகுதான்.

11/
1991-ல் டிம் பான்ஸ் என்பவரின் குழு ஒரு முடிவை வெளியிட்டது. கைக்குப் போகும் உணர்வு நரம்புகள் பல வருஷம் முன்பே துண்டிக்கப்பட்ட குரங்குகள். அவற்றின் மூளையில் கைக்கான இடம் சும்மா கிடக்கும் என்று நினைத்தார்கள். சும்மா இல்லை. முகத்தைத் தொட்டபோது அந்தக் கைக்கான இடம் வேலை செய்தது.

காரணம் என்ன? மூளையின் மேற்பரப்பில் உடம்புக்கு ஒரு வரைபடம் உண்டு. கனடாவின் வைல்டர் பென்ஃபீல்ட் கண்டுபிடித்தது. அந்த வரைபடத்தில் கைக்குப் பக்கத்து வீடு முகம்.

12/
ராமச்சந்திரன் இதைப் படித்துவிட்டுக் கேட்ட கேள்வி ரொம்ப எளிமை. "குரங்குக்கு என்ன உணர்வு வந்தது என்று குரங்கு சொல்லாது. மனுஷன் சொல்வானே?"

கார் விபத்தில் கையை இழந்த 17 வயது இளைஞர் ஒருவரை உட்கார வைத்து, கண்ணைக் கட்டி, காது குடையும் பஞ்சுக்குச்சியால் கன்னத்தைத் தொட்டார். "எங்கே தெரியுது?"

கன்னத்திலும் தெரியுது. இல்லாத கையின் கட்டைவிரலிலும் தெரியுது.

முகத்தில் ஒவ்வொரு இடமா தொடத்தொட, இல்லாத விரல்கள் ஒவ்வொன்றாகக் கிடைத்தன. 1992-ல் சயின்ஸ் இதழில் இது வந்தது. கருவி என்ன? ஒரு பஞ்சுக்குச்சி.

13/
அடுத்து வலி. அவரிடம் வந்தவர்களில் சிலர் சொன்னது: "இல்லாத கை அசைய மாட்டேங்குது. இறுக்கி மூடியபடி மாட்டிக்கிச்சு. அதைத் திறக்க முடிந்தால் வலி போயிடும். திறக்க முடியல."

ராமச்சந்திரன் யோசித்தது இப்படி. கை இருந்த காலத்தில் மூளை "திற" என்று கட்டளை போடும். கை திறக்கும். திறந்ததைக் கண் பார்க்கும், தோல் உணரும், "சரி, திறந்தாச்சு" என்று பதில் போகும். இப்போது கட்டளை போகுது, பதில் வரல. மூளை திரும்பத் திரும்பக் கட்டளை போட்டுக்கொண்டே இருக்கு.

அப்படியென்றால் மூளைக்கு ஒரு பதில் கொடுத்துப் பார்த்தால் என்ன?

14/
இங்கேதான் நாற்பது வயசு வரைக்கும் படித்த கண் பார்வைப் பாடம் கை கொடுத்தது.

ஒரு அட்டைப்பெட்டி. நடுவில் செங்குத்தாக ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. நல்ல கையைக் கண்ணாடியின் முன்பக்கம் வைக்கணும். கண்ணாடியில் அதன் பிம்பம், இல்லாத கை இருக்க வேண்டிய இடத்தில் தெரியும். இப்போது ரெண்டு கையையும் சேர்த்துத் திறப்பது போல நினைத்து நல்ல கையைத் திறக்கணும். கண்ணுக்கு ரெண்டு கையும் திறப்பது போலத் தெரியும்.

பைக் விபத்தில் கை செயலிழந்து, பிறகு அந்தக் கை எடுக்கப்பட்ட ஒருவர், பத்து வருஷம் அசையாமல் உறைந்து கிடந்த தன் மாயக்கை அசைவதைக் கண்ணாடியில் பார்த்து அதிர்ந்து போனார். பெட்டியை வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினார்கள். சில வாரப் பயிற்சியில் அந்த மாயக்கையே சுருங்கிப் போனது. முழங்கையில் இருந்த வலியும் போனது.

1995-ல் நேச்சர் இதழில் முதல் குறிப்பு வந்தது. 1996-ல் விரிவான கட்டுரை.

15/
இந்த இடத்தில் நிறுத்தினால் நல்ல வாட்ஸ்அப் பார்வர்டு ரெடி. "தமிழன் கண்டுபிடித்த அதிசயக் கண்ணாடி, உலகமே வியக்குது" என்று.

ஆனா மருத்துவம் அப்படி நடக்காது. ஒருவருக்குக் குணமானது என்பது தொடக்கம், முடிவு இல்லை. அடுத்து என்ன ஆச்சு என்பதுதான் முக்கியம். அதையும் படிங்க.

16/
2007-ல் அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் காலை இழந்த வீரர்களிடம் ஒரு சோதனை. 22 பேர் சேர்ந்தார்கள், 18 பேர் முடித்தார்கள். மூன்று குழு, தலா 6 பேர்.

முதல் குழு கண்ணாடியைப் பார்த்துப் பயிற்சி. இரண்டாவது குழுவுக்குத் துணியால் மூடிய கண்ணாடி. மூன்றாவது குழு கண்ணை மூடி மனசுக்குள் காலை அசைக்கணும். தினமும் 15 நிமிஷம், 4 வாரம்.

முடிவு: கண்ணாடி பார்த்த 6 பேருக்கும் வலி குறைந்தது. மூடிய கண்ணாடிக் குழுவில் 1 ஆளுக்கு. கற்பனைக் குழுவில் 2 பேருக்கு. பிறகு மற்ற குழுவினருக்கும் கண்ணாடி கொடுத்தபோது 9 பேரில் 8 பேருக்குக் குறைந்தது.

நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது இது.

17/
நல்ல முடிவுதான். ஆனா 18 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளில் சிலது "உதவுது" என்றன, சிலது "பெரிய வித்தியாசம் இல்லை" என்றன. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தவர்கள், "சான்று இன்னும் வலுவாக இல்லை" என்றே சொல்கிறார்கள்.

மூளை வரைபடம் இடம் மாறுவதால்தான் வலி என்ற விளக்கமும் இப்போது கேள்விக்குள்ளாகி இருக்கு. 2013-ல் தமர் மேக்கின் குழு, மாய உறுப்பு வலி அதிகம் உள்ளவர்களின் மூளையில் இழந்த கைக்கான இடம் அழியாமல் நன்றாகவே இருப்பதைக் காட்டியது. 2025-ல், கை எடுப்பதற்கு முன்பும் பின்பும் 3 பேரின் மூளையை வருஷக்கணக்கில் ஸ்கேன் செய்து பார்த்தார்கள். வரைபடம் பெரிதாக மாறவே இல்லை.

18/
அப்போ ராமச்சந்திரன் சொன்னது தப்பா?

அவருடைய விளக்கத்தில் ஒரு பகுதி திருத்தப்படுது. ஆனா அவர் மாற்றிய ஒரு விஷயம் மாறவே இல்லை. இல்லாத கையில் வலி என்று ஒருவர் சொன்னபோது, அதை மனப்பிரமை என்று ஒதுக்காமல், உட்கார வைத்து, "எங்கே? எப்படி? எப்போது?" என்று கேட்டார். வலியை நம்பினார். நம்பிய பிறகு சோதித்தார்.

2003-ல் பிபிசியின் ரீத் சொற்பொழிவுகள், 2007-ல் பத்மபூஷண் என்று பெருமைகள் நிறைய வந்தன. என்னைக் கேட்டால், அந்தப் பஞ்சுக்குச்சியும் அந்தக் கேள்வியும்தான் பெரிசு.

19/
இது கை கால் இழந்தவர்களுக்கு மட்டுமான விஷயம் இல்லை.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை நாள்பட்ட வலி என்கிறோம். புது வலி என்பது காவல்காரன். "இங்கே அடிபட்டிருக்கு, பார்த்துக்கோ" என்று சத்தம் போடும். நாள்பட்ட வலியில் பல நேரம் திருடன் போய் மாசக்கணக்காச்சு, காவல்காரன் மட்டும் இன்னும் விசில் ஊதிக்கொண்டே இருக்கான். தண்டுவடமும் மூளையும் சத்தத்தைக் கூட்டி வைத்துவிடுகின்றன.

அதனால்தான் எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் நார்மல் என்று வரும். வலி மட்டும் இருக்கும்.

20/
2020-ல் சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் வலிக்கான வரையறையைத் திருத்தியது. அதோடு சேர்த்து எழுதிய குறிப்புகளில் ஒன்றின் சாரம்: ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்கணும்.

"ஸ்கேன்ல ஒண்ணுமில்லம்மா, சும்மா மனசுதான்" என்று சொல்லி அனுப்பும்போது அந்த அம்மா என்ன நினைப்பாங்க? வீட்டில் மாமியார் ஏற்கெனவே "வேலைக்கு டபாய்க்கிறா"ன்னு சொல்லியிருப்பாங்க. இப்போ டாக்டரும் அதையே சொல்லிட்டார்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சும்மாவா சொன்னாங்க.

21/
அடுத்து அந்த அம்மா எங்கே போவாங்க? மெடிக்கல் ஷாப்புக்கு. "வலி மாத்திரை ரெண்டு குடுங்க." அல்லது எங்கேயாவது ஒரு ஊசி. டைக்ளோஃபினாக். நாலு மணி நேரம் நல்லா இருக்கும். மறுபடி ஊசி.

வருஷக்கணக்கில் இப்படிப் போனால் வயிற்றில் புண், ரத்த அழுத்தம் கூடுதல், கிட்னி பாதிப்பு. ஏற்கெனவே சர்க்கரை உள்ளவர் என்றால் கிட்னி இன்னும் சீக்கிரம் போகும். வலிக்காக வந்தவர் கடைசியில் டயாலிசிஸ் பெட்டில் இருப்பார்.

இத்தனைக்கும் மாய உறுப்பு வலி, நரம்பு வலி போன்றவற்றுக்கு இந்த ஊசி பெரிதாக வேலையே செய்யாது. அதற்கான மருந்துகள் வேறு. அமிட்ரிப்டிலின், கபாபென்டின் போன்றவை. அவையும் டாக்டர் பார்த்து, அளவு சொல்லி, தொடர்ந்து கவனித்துக் கொடுக்க வேண்டியவை. இந்த இழையைக் காட்டி கடையில் வாங்காதீங்க 🙏

22/
இன்னொரு பக்கமும் இருக்கு. சில வலி நிவாரண மாத்திரைகளைக் கரைத்துப் போதைக்கு ஊசியாகப் போடும் இளைஞர்கள் பற்றி தமிழ்நாட்டில் அடிக்கடி செய்தி வருது. அதனால் அந்த மருந்துகளுக்குக் கட்டுப்பாடு வருது. அது தேவைதான்.

ஆனா அதில் நசுங்குவது யார்? உண்மையிலேயே வலியோடு இருப்பவர். "வலி தாங்கல" என்று சொல்லும் ஆளையே சந்தேகமாகப் பார்க்கும் நிலை வந்துவிடுகிறது.

ஒருபக்கம் தேவையில்லாத ஊசி, இன்னொரு பக்கம் தேவையானவருக்குச் சந்தேகம். ரெண்டுக்கும் நடுவில் கேட்கப்படாமல் போவது நோயாளியின் பேச்சுதான்.

23/
சரி, இதற்கு என்ன செய்யலாம்? என் கருத்து நாலு.

முதலாவது. கை கால் எடுக்கும் ஆபரேஷனுக்கு முன்பே நோயாளிக்கும் வீட்டாருக்கும் ஒரு நிமிஷம் செலவழித்துச் சொல்லணும்: "ஐயா, கால் எடுத்த பிறகும் கால் இருக்கிற மாதிரியே தெரியும். சிலருக்கு அதில் வலியும் வரும். அது பேயும் இல்லை, மனக்கோளாறும் இல்லை. வந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்க."

இந்த நாலு வரிக்கு மருந்து வேண்டாம், மெஷின் வேண்டாம், நிதி ஒதுக்கீடு வேண்டாம்.

24/
இரண்டாவது. கட்டு மாற்ற வரும் ஒவ்வொரு தடவையும், "எடுத்த இடத்துக்குக் கீழே வலி இருக்கா?" என்ற ஒரு கேள்வி.

சீக்கிரம் கேட்பது ஏன் முக்கியம்? 2003-ல் இங்கிலாந்தில் மெக்கேப் என்பவரின் குழு, கை கால் இருந்தும் அடிபட்ட பிறகு அதில் தீராத எரிச்சல் வலி வரும் ஒரு நோய்க்கு இதே கண்ணாடி முறையைச் சோதித்தது. 8 பேர்தான். நோய் வந்து சில வாரமே ஆனவர்களுக்கு நல்ல பலன். ரெண்டு வருஷத்துக்கு மேல் ஆனவர்களுக்குப் பலன் இல்லை.

சின்ன ஆய்வுதான். ஆனாலும் வலியை ஊற விடக்கூடாது என்பதை எல்லா வலி மருத்துவர்களும் சொல்வாங்க.

25/
மூன்றாவது. ஒவ்வொரு அரசு மருத்துவமனை பிசியோதெரபி அறையிலும் ஒரு ஆளுயரக் கண்ணாடியும், ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டியும் இருக்கணும்.

"சான்று வலுவாக இல்லைன்னு நீங்களே சொன்னீங்களே?" நல்ல கேள்வி. என் கணக்கு இது. செலவு மிகக் குறைவு. ஆபத்து மிகக் குறைவு. உதவினால் ஒருவர் ராத்திரி தூங்குவார். உதவாவிட்டால் நாலு வாரத்தில் நிறுத்திவிட்டு அடுத்த வழி பார்க்கலாம். கிட்னியைக் கெடுக்கும் ஊசியை இவ்வளவு தாராளமாகப் போடும் நாம், கண்ணாடிக்கு மட்டும் இவ்வளவு கணக்குப் பார்ப்பது நியாயமா?

26/
ஸ்டீபன் சம்னர் என்று கனடாக்காரர் ஒருவர். ஸ்கூட்டர் விபத்தில் காலை இழந்தவர். கண்ணாடிப் பயிற்சியால் தன் வலி தீர்ந்த பிறகு, கண்ணிவெடிகளில் கால் இழந்தவர்கள் நிறைய இருக்கும் கம்போடியாவுக்குப் போய், சைக்கிளில் கண்ணாடிகளைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகக் கொடுத்துச் சொல்லித் தந்தார்.

போரில் கால் இழந்தவர்கள் யாழ்ப்பாணத்திலும் முல்லைத்தீவிலும் இருக்காங்க. விபத்தில் இழந்தவர்கள் நம்ம தெருவில் இருக்காங்க. அவருக்குச் சைக்கிள்தான் இருந்தது. நம்மிடம் ஒரு திட்டமே இருக்கு.

27/
அந்தத் திட்டம் மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கியது. பிசியோதெரபியும் வலி தணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கே போகணும் என்பது அதில் ஏற்கெனவே இருக்கு.

அந்த வண்டியில் ஒரு கண்ணாடி ஏறணும். அவ்வளவுதான் நான் கேட்பது. கால் இழந்தவர் ராஜபாளையத்துக்கோ ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ பஸ் ஏறி வர்றதே பெரும்பாடு. ஒரு நாள் கூலி போகும், கூட வரும் மகன் கூலியும் போகும். கண்ணாடி வீட்டுக்குப் போனால் அந்த ரெண்டு கூலியும் மிச்சம்.

28/
நாலாவது. இது என் சக மருத்துவர்களுக்கு, முக்கியமா எம்பிபிஎஸ் முடித்துவிட்டு பிஜி சீட்டுக்குக் காத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு.

ஆராய்ச்சி என்றால் அமெரிக்கா, கோடிக்கணக்கில் மெஷின் என்று நினைக்கிறோம். ஸ்டான்லி மாணவருக்கு நேச்சர் கட்டுரை மாணவராக இருந்தபோதே வந்தது. உலகம் பேசிய சோதனைக்குப் பஞ்சுக்குச்சி போதும். நம்ம மாவட்டத்திலேயே 2022-ல் இருந்து விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு.

கை கால் எடுக்கப்பட்ட எத்தனை பேருக்கு மாய வலி வருது, எப்போது வருது, கண்ணாடி கொடுத்தால் எத்தனை பேருக்குக் குறையுது? நெறிமுறைக் குழு அனுமதி, நோயாளி சம்மதம், ஒரு நோட்டு, பூஜ்யத்தில் இருந்து பத்து வரை ஒரு வலி அளவுகோல். உலகத்துக்கு இன்னும் தெளிவான பதில் தேவைப்படும் கேள்வி இது. அதற்கான நோயாளிகள் நம்ம வார்டில் இருக்காங்க.

29/
"சார், ஒரு ஓபியில் இருநூறு பேர். எங்க டைம்?"

தெரியும். நானும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கேன். எல்லாரிடமும் அரை மணி நேரம் பேசச் சொல்லல. உறுப்பு இழந்தவரிடம் ஒரே ஒரு கேள்வி. "ஆமா" என்றால் பிசியோதெரபிக்கு ஒரு சீட்டு. முப்பது செகண்டு.

அவர் இருபது தடவை ஊசிக்கு வரும் நேரத்தைக் கணக்குப் போட்டால், இது நமக்கும் லாபம்தான்.

"அவர் அமெரிக்கா போனதால்தான் சாதித்தார், இங்கே இருந்தா முடிஞ்சிருக்குமா?" என்றும் சிலர் கேட்பாங்க. அதில் உண்மை இருக்கு. அவர் இங்கேயே இருந்திருந்தால் ஓபி சீட்டுக்கு நடுவில் அந்தப் பஞ்சுக்குச்சியை எடுக்க நேரம் கிடைத்திருக்குமா என்று எனக்கும் சந்தேகம்தான். அவர் நம்ம ஆள் என்று பெருமைப்படுவதை விட, அடுத்த ஆளுக்கு இங்கேயே வாரத்தில் அரை நாள் ஆராய்ச்சிக்கு ஒதுக்கினால் அது பெருமை.

30/
இப்போ வீட்டில் இருப்பவர்களுக்கு. கண்ணாடிப் பயிற்சி எப்படி?

▪️ முதலில் டாக்டரைப் பாருங்க. மிச்சம் உள்ள பகுதியில் சீழ், சிவப்பு, வீக்கம், காய்ச்சல், தொட்டாலே ஷாக் அடிக்கும் முடிச்சு இருந்தால் அதற்கான சிகிச்சைதான் முதலில்.
▪️ கால் என்றால் காலை நீட்டி உட்காரணும். ரெண்டு காலுக்கும் நடுவில் நீளவாக்கில் கண்ணாடியை நிறுத்தணும். முகம் தெரியும் பக்கம் நல்ல கால் பக்கம் இருக்கணும். எடுத்த கால் கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருக்கணும்.
▪️ கை என்றால் மேசை மேல் இதே மாதிரி. மோதிரம், வாட்ச், கயிறு எல்லாம் கழற்றிடுங்க. கண் நம்பணும் இல்லையா?
▪️ பிம்பத்தைப் பார்த்தபடி மெதுவா விரலை விரிப்பது, மடக்குவது, பாதத்தை மேலே கீழே அசைப்பது. இல்லாத உறுப்பும் கூடவே அசைவதாக நினைக்கணும்.
▪️ தினமும் 15 நிமிஷம், 4 வாரம். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்த பிறகு வீட்டில் செய்யலாம்.

31/
கவனிக்க வேண்டியவை:

▪️ முதல் தடவை கண்ணாடியில் முழுக் காலைப் பார்த்ததும் சிலர் அழுதுடுவாங்க. வால்டர் ரீட் ஆய்விலும் ரெண்டு பேருக்கு இப்படித் துக்கம் வந்தது. பக்கத்தில் யாராவது இருங்க. அழட்டும். தொடர்ந்து வருத்தமா இருந்தால், தலைசுற்றினால், வலி கூடினால் நிறுத்திட்டு டாக்டரிடம் சொல்லுங்க.
▪️ ரெண்டு காலும் இழந்தவருக்கு இந்த முறை பயன்படாது. காட்ட நல்ல கால் வேண்டும். அவர்களுக்கு வேறு சிகிச்சைகள் இருக்கு.
▪️ குறையாவிட்டால் உங்க தப்பு இல்லை. "நீ சரியா நம்பல" என்று யாரும் சொல்லவும் கூடாது. இது நம்பிக்கை வைத்தியம் இல்லை, ஒரு சிகிச்சை முறை. எல்லாச் சிகிச்சையும் எல்லோருக்கும் வேலை செய்யாது.
▪️ சர்க்கரை உள்ளவர்கள் மிச்சம் இருக்கும் காலைத் தினமும் பாருங்க. அடிப்பாதத்தைப் பார்க்க அதே கண்ணாடி உதவும் 🙂

32/
அந்தப் பெரியவர் என்ன ஆனார் என்று கேட்பீங்க. அவரிடமும் மகனிடமும் சேர்த்து உட்கார்ந்து இது என்ன என்று விளக்கினோம். நரம்பு வலிக்கான மருந்தும் கண்ணாடிப் பயிற்சியும் தொடங்கினோம். வலி முழுக்கப் போகல. பாதியாக் குறைஞ்சிருக்குன்னு சொல்றார். மருந்தாலா, கண்ணாடியாலா, இல்லை நாள் போனதாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஒரு ஆளை வைத்து அப்படிச் சொல்லவும் கூடாது.

ஆனா புதைத்த இடத்தைப் பற்றி அவர் அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

33/
உங்க வீட்டில், தெருவில் கை கால் இழந்தவர் யாராவது இருந்தால் இன்றைக்கே ஒரு தடவை கேளுங்க: "அந்தக் கால் இன்னும் வலிக்குதா மாமா?"

"ஆமா" என்று சொன்னால் சிரிக்காதீங்க, பயப்படாதீங்க, கோடாங்கியிடம் கூட்டிப் போகாதீங்க. பக்கத்து அரசு மருத்துவமனைக்குக் கூட்டி வாங்க. வரும்போது, "இல்லாத காலில் வலி" என்று வெட்கப்படாமல் சொல்லச் சொல்லுங்க. நாங்க கேட்க மறந்தாலும் நீங்க சொல்லுங்க.

பயனுள்ளதாக இருந்தால் பகிருங்கள். சந்தேகங்களைக் கீழே கேளுங்க, ட்யூட்டி முடிந்து பதில் சொல்றேன்.